வெளிவாரிப் பட்டம் என்றால் மட்டமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் 31 வயது ஆசிரியை ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சிறிய வித்தியாசத்தில் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்தவர் இவர். 2015 இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது 6,000 ரூபாய் கொடுப்பனவில் சேர்ந்தார். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார். 2018 இல் பேராதனையில் வெளிவாரியாக, அதாவது முழுநேர மாணவியாக உள்ளே சேராமல் வெளியிலிருந்து படித்துப் பரீட்சை எழுதும் முறையில், கலைமாணிப் பட்டத்துக்குப் பதிந்தார். கொரோனாவும் அதன் பின் வந்த பொருளாதார நெருக்கடியும் பரீட்சைகளைத் தள்ளித் தள்ளிப் போட, 2024 இல்தான் பட்டம் கைக்கு வந்தது.

சென்ற மாதம் குடும்பத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தாய்மாமா எல்லோருக்கும் கேட்கும்படி, "என் மகன் மொறட்டுவையில் இன்ஜினியரிங். இவள் எடுத்தது வெளிவாரி. அதெல்லாம் ஒரு பட்டமா?" என்றாராம். இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்துவிட்டார். அன்று முதல் மூன்று கேள்விகள் மனத்தைக் குடைகின்றன. தன் பட்டம் உண்மையிலேயே தாழ்ந்ததா? ஏழரை லட்சம் ரூபாய் கட்டி, எட்டே மாதத்தில் முடியும் இணையவழி எம்.பி.ஏ. ஒன்றைச் செய்தால் மாமா மகனுக்குச் சமமாகிவிடலாமா? இவ்வருடம் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறும் அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தை அதற்கு எடுக்க எண்ணியிருக்கிறார். மூன்றாவது, வந்திருக்கும் வரன். மாப்பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையில் மின்னியல் தொழில்நுட்பவியலாளர், படிப்பு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்றகைமையில் ஐந்தாம் மட்டம். "உயர்தரமே சித்தியடையாதவர். பட்டதாரியான நான் அவரைக் கட்டினால் இறங்கிப் போவதாகாதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மாமாவின் பேச்சு அல்ல, நான்காம் பக்கம். சனிக்கிழமைகளில் விடிய முன் லயத்திலிருந்து இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் ரோட்டுக்கு வந்து, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் மாறிப் போனதை எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் வாந்தி வரும் என்பதால் வெறும் வயிற்றோடு போய், பேராதனைச் சந்தியில் இறங்கியதும் ஒரு பிளேன்டியும் பணிசும் சாப்பிட்டதை எழுதியிருக்கிறீர்கள். பட்டச் சான்றிதழை லயத்து ஈரம் பிடிக்காமல் இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டு ட்ரங்குப் பெட்டியில் வைத்திருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடம் அப்படிப் போய் வந்தவர் பந்தியில் கேட்ட ஒரே வார்த்தையில் நொறுங்கிப்போனது எனக்கும் வலிக்கிறது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் எடுக்கப் பார்க்கும் முடிவுகள் உங்களைப் பாதிக்கும் என்பதால் ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

சட்டத்தின் முன் உங்கள் பட்டம்

நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அந்தச் சட்டமே வெளிவாரியாகப் பதிந்தவர்களுக்கும் பட்டம் வழங்க இடம் தருகிறது. உங்களுக்குப் பட்டம் வழங்கியது பேராதனைப் பல்கலைக்கழகம்; இடையில் வேறு யாரும் இல்லை. அரசாங்க வேலைக்கான ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். நிர்வாக சேவையாகட்டும், கல்வி நிர்வாக சேவையாகட்டும், "பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பல்கலைக்கழகமொன்றின் பட்டம்" என்ற பொருளில்தான் தகைமையைக் கேட்பார்கள். விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து படித்தீர்களா, சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தீர்களா என்று கேட்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012 முதல் நம் நாட்டில் இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. சாதாரண தரத்தை முதலாம் மட்டமாகவும் கலாநிதிப் பட்டத்தைப் பன்னிரண்டாம் மட்டமாகவும் வைத்து, நாட்டின் எல்லாத் தகைமைகளையும் அது வரிசைப்படுத்துகிறது. மூன்று வருடப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. ஆகவே உங்கள் பட்டத்துக்குப் பின்னால் 4,500 மணித்தியால உழைப்பு இருக்கிறது என்று இந்தச் சட்டகம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் விஷயத்தில் பஸ் பயணம் அதில் சேராது.

வேறுபாடு எங்கே உண்டு

உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக எல்லாப் பட்டமும் ஒன்றுதான் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உண்மையல்ல. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட். அது ஆறாம் மட்டம். உங்கள் மாமா மகனின் பொறியியல் பட்டம் அந்த வகை. பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டுமானால் நல்ல வகுப்புச் சித்தியோடு சிறப்புப் பட்டம் கேட்பார்கள். பொதுப் பட்டத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது கடினம். ஆய்வுப் பட்டங்களுக்கு நேரடியாகப் போவதும் அப்படியே. இங்கே குறுக்கே நிற்பது பொதுப் பட்டம் என்பதே. உள்வாரியாகப் பொதுப் பட்டம் முடித்தவருக்கும் இதே நிலைதான்.

வெளிவாரி என்பதால் வரும் குறைகளும் உண்டு. நூலகத்தில் இருந்து படிக்கும் நாட்கள் கிடைப்பதில்லை. விரிவுரையாளரிடம் கேள்வி கேட்டு வாதாடும் பழக்கம் கிடைப்பதில்லை. தமிழ் மொழிமூலத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதப் பழகும் சூழல் கிடைப்பதில்லை. கொழும்புத் தனியார் நிறுவனங்களில் சிலர் வெளிவாரி என்றதும் முகத்தைத் திருப்புவதையும் கண்டிருக்கிறேன். இவை சரிசெய்யக்கூடிய குறைகள். அவற்றில் ஆங்கிலத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். எம்.பி.ஏ.யை அல்ல.

இனி ஒரு விஷயம். சொன்னால் நீங்கள் கோபிக்கலாம். கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், "அவனும் நுவரெலியா கோட்டாவில் போனவன்தானே" என்று மாமா மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி எல்லாம் அந்தக் குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இருப்பவை. நம் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் எட்டாமல் இருந்ததற்காகத் திறக்கப்பட்ட வழி அது. உள்ளே போன பின் அந்தப் பையன் எழுதிய பரீட்சைத் தாளும் கொழும்புப் பிரபல பாடசாலைப் பிள்ளை எழுதிய தாளும் ஒன்றே. மாமா "வெளிவாரி" என்ற சொல்லைப் பயன்படுத்திய அதே விதத்தில் நீங்கள் "கோட்டா" என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். உங்கள் மாணவி ஒருத்தி நாளை அந்த வழியில் பொறியியலுக்குப் போவாள். அவளுக்காவது அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

மாமாவைப் பற்றியும் கொஞ்சம். அவர் லயத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கட்டடம், ஓர் ஆசிரியர், அதற்கு மேல் கொழுந்துக் கூடை. 1970களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதனால்தான் நம் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பக்கத்தில் "பீ.ஏ." என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறோம், மரண அறிவித்தலில்கூடப் பேரப்பிள்ளையின் பட்டத்தைச் சேர்க்கிறோம். இரண்டு தலைமுறையாகக் கிடைக்காத ஒன்று வீட்டுக்குள் வந்ததும் அதை எல்லோருக்கும் காட்டவேண்டும் என்று ஒரு தவிப்பு வருகிறது. அன்று பந்தியில் உங்கள் மாமா பேசியது அந்தத் தவிப்பில். பேசியது தவறு. ஆனால் அவருக்குப் பதில் சொல்வதற்காக ஏழரை லட்சம் செலவழிப்பது அதைவிடப் பெரிய தவறு.

அந்த எம்.பி.ஏ.

நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளை இரண்டு முறை வாசித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் போட்டிருக்கிறார்கள். எட்டு மாதம், வாரத்தில் ஒரு நாள் இரவு வகுப்பு, பட்டமளிப்பு விழாவுக்குத் தனிக் கட்டணம். நம் தகைமைச் சட்டகத்தில் ஆகக் குறைந்த முதுமாணி ஒன்பதாம் மட்டத்தில் இருக்கிறது. அதற்கே 30 கிரெடிட் வேண்டும், அதாவது 1,500 மணித்தியாலம். எட்டு மாதத்தில் அதை முடிப்பதென்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 43 மணித்தியாலம் படிக்கவேண்டும். காலை ஏழரைக்குப் பாடசாலைக்குப் போய், பிற்பகலில் மேலதிக வகுப்பும் வைக்கும் நீங்கள் அந்த 43 மணித்தியாலத்தை எங்கே தேடுவீர்கள்? வாரத்தில் ஓரிரவு வகுப்போடு முடிந்துவிடும் என்று அவர்கள் சொன்னால், அவர்கள் தருவது அந்த அளவு படிப்பு அல்ல என்று பொருள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் இப்படி ஒரு முதுமாணிச் சான்றிதழோடு என்னிடம் வந்தார். தங்க முத்திரை, தடித்த தாள். அடிப்படைப் பட்டமே இல்லாமல் "அனுபவத்தின் பேரில்" சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதவி உயர்வுக்கு அதை இணைத்தபோது அலுவலகம் ஏற்கவில்லை. கடனின் கடைசித் தவணையை அவர் இன்னும் கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை அவர் மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நல்ல வெளிநாட்டுப் பட்டங்களும் இங்கே வழங்கப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. எதற்கும் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• பட்டம் வழங்குவது யார்? வகுப்பு நடத்தும் கொழும்பு நிறுவனமா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா? அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரை ஒத்த பெயர்கள் நிறைய உலாவுகின்றன.

• அந்தப் பெயரை வைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நீங்களே எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் காட்டும் கடிதத்தின் போட்டோப் பிரதியை நம்பவேண்டாம்.

• எந்தக் கதவைத் திறக்க இந்தச் சாவி? வலயக் கல்விப் பணிமனையில் உங்கள் தனிக் கோவையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம், "இந்தப் பட்டத்தால் என் தரத்திலோ சம்பளத்திலோ என்ன மாறும்?" என்று கேளுங்கள். ஆசிரியைக்கு வணிக நிர்வாக முதுமாணி தரும் பயன் மிகக் குறைவு என்பதே என் கணிப்பு.

மேலே படிக்க உங்களுக்கு ஆசை இருந்தால் அதற்கு ஒழுங்கான பாதை இருக்கிறது. பட்டப்பின் கல்வி டிப்ளோமா தகைமைச் சட்டகத்தில் எட்டாம் மட்டம். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் அதை நடத்துகின்றன. தமிழிலும் படிக்கலாம். கல்வியியல் முதுமாணிக்கு அதுவே வழக்கமான வாசற்படி. கலாசாலைப் பயிற்சிச் சான்றிதழ் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால், இந்த டிப்ளோமாவால் உங்கள் தரத்தில் உடனடியாக என்ன மாற்றம் வரும் என்பதைப் பதியும் முன் பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது உங்கள் பட்டம் தனிக் கோவையில் முறைப்படி பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டம் பெற்று வருடக்கணக்காகியும் பிரதியை ஒப்படைக்காமல், சேவையில் பழைய தகைமையோடு நிற்கும் ஆசிரியர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கல்வி நிர்வாக சேவைப் பரீட்சையைப் பற்றி யோசிப்பதாயின், வர்த்தமானியில் வயதெல்லையை முதலில் பாருங்கள். 31 வயதில் அதைத் தள்ளிப்போட முடியாது.

அம்மாவின் பணம்

இந்த இடத்தில் நான் ஆலோசகராக மட்டும் பேச முடியவில்லை. சேமலாப நிதி என்பது மாதாமாதம் அம்மாவின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்த பணம். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டதே 2021 இல்தான். அதற்கு முன் எத்தனை வருடம், எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை நாள் அரைநாள் சம்பளம் மட்டும் கிடைக்கும் அரைப்பேர்! அட்டைக்கடியோடும் தலைக்கயிறு அழுத்திய நெற்றியோடும் சேர்த்த காசு அது. அம்மா மனம் உவந்து தருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். தருவார், சந்தேகமில்லை. அதனால்தான் நீங்கள் கேட்கக்கூடாது என்கிறேன். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. உங்களுக்கு உண்டு, அரசாங்க ஆசிரியை என்பதால். அவருக்கு இருப்பது இந்தத் தொகையும் ஊழியர் நம்பிக்கை நிதியப் பணமும் பணிக்கொடையும்தான். அதை அவருடைய பெயரிலேயே வங்கியில் நிலையான வைப்பில் போட்டுக் கொடுங்கள். உங்கள் படிப்புக்கு உங்கள் சம்பளம் தாங்கும் அளவில் வழி தேடுங்கள். பட்டப்பின் டிப்ளோமாவுக்கு ஏழரை லட்சம் தேவைப்படாது.

அந்த மாப்பிள்ளை

என்.வி.கியூ. என்று நாம் சொல்லும் தேசிய தொழிற்றகைமையை உயர்தரத்துக்குக் கீழே வைத்துப் பார்க்கிறீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது பிழை. அந்த முறையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழு பட்டம். நான் மேலே சொன்ன தகைமைச் சட்டகத்தில் உயர்தரம் இரண்டாம் மட்டம், என்.வி.கியூ. ஐந்து மூன்றாம் மட்டத்தோடு பொருந்துகிறது. ஆக, அந்த இளைஞர் உயர்தரத்துக்கு மேலே நிற்கிறார். அவர் விரும்பினால் ஆறாம் மட்டத்துக்குப் போகலாம். இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரையும் போகலாம். இன்று உங்களுக்கும் அவருக்கும் இருப்பது இரண்டு படிகள். உங்களுக்கும் மாமா மகனுக்கும் இருப்பது ஒரு படி. அந்த ஒரு படிக்காக நீங்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்தீர்கள்.

படிப்பு வித்தியாசம் கல்யாணத்தில் பிரச்சினையே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். என் அறைக்கு வரும் தம்பதிகளில் சிலருக்கு அது முள்ளாகக் குத்துவதைப் பார்க்கிறேன். மனைவி சான்றிதழை வீட்டில் மறைத்து வைப்பாள். அல்லது கணவன், "நீ பெரிய படிப்புக்காரி" என்று எதற்கெடுத்தாலும் சொல்லிக் காட்டுவான். அப்படிப்பட்ட வீடுகளில் நான் கண்டது, இருவரில் ஒருவர் மற்றவருடைய வேலையை மனத்துக்குள் கேவலமாக நினைப்பது. அந்த நினைப்பு உங்களிடம் இப்போதே கொஞ்சம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதிய பத்தியில் அவர் எப்படிப் பேசுவார், குடிப்பவரா, அம்மாவை எப்படி நடத்துகிறார், உங்கள் வேலையைத் தொடர விடுவாரா என்று ஒரு வரியும் இல்லை. மட்டம் எத்தனை என்பது மட்டும்தான் இருக்கிறது. அந்த நினைப்பைக் கரைக்க முடியாது என்று தோன்றினால் இந்த வரனை மரியாதையாக மறுத்துவிடுங்கள். அவருக்கும் அதுதான் நல்லது. கரையும் என்று தோன்றினால் நேரில் பேசுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டார் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் பேசி முடித்ததும், அம்மாவின் அனுமதியோடு அவரிடம் பத்து நிமிடம் பேசக் கேளுங்கள். அவருடைய டிப்ளோமாவை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில், எந்த நேரத்தில், யார் காசில் படித்தார் என்று விசாரியுங்கள். தொழிற்சாலையில் நள்ளிரவில் கொழுந்து வதக்கும் மின்விசிறி நின்றுபோனால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து உங்கள் சான்றிதழை அவரிடம் காட்டுங்கள். அதை அவர் எப்படி வாங்கிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். பார்த்த பின் எனக்கு எழுதுங்கள்.